பதில் சொல்ல ஆளில்லாத பூசை

என் உயிரான மேரி அக்காவுக்கு,

நீ போன பிறகு நம் ஊர்க் கோயிலில் பூசைக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. திருத்துறைப்பூண்டியிலிருந்து சாமியார் ஞாயிறுதோறும் வந்துகொண்டுதான் இருந்தார். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பார். யாராவது ஆரம்பிக்கட்டும் என்று எல்லாரும் பேசாமல் இருப்போம். கடைசியில் பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

உன் அடக்கப் பூசையிலும் அப்படித்தான் நடந்தது. பெட்டிக்குள் நீ கிடந்தாய். உயிரோடு இருந்திருந்தால் திரும்பிப் பார்த்து அதட்டியிருப்பாய். "வாயத் தொறந்து சொல்லுங்க. சாமியார் சுவத்துக்கிட்டயா பேசிக்கிட்டிருக்காரு?"

டயாலிசிஸ் செய்துகொண்டு வந்த வாரங்களில்கூட, சுவரில் சாய்ந்தபடி நீதான் பாட்டை எடுத்துக் கொடுத்தாய். "வீட்லயே படுத்துக்கிட்டு போன்ல பூசை பாரேன்க்கா" என்றேன். "பாக்குறதுக்கா போறேன்? கூடச் சேந்து சொல்லத்தானே போறேன்" என்றாய். அந்த உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்தது அக்கா?

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து உன் வீட்டுக்காரர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கோயிலுக்கு வருவார். வெளியே வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய்விடுவார். உள்ளே கூப்பிட்டால், "அவ இல்லாத எடத்துல நான் என்ன பண்றது லீமா?" என்பார். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருகிற எனக்கே வாசல்படி ஏறியதும் கண் உன் இடத்தைத்தான் தேடும். அவருக்கு எப்படி இருக்கும்?

இந்த வருஷம் மழையும் ஏமாற்றியது, நம் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீரும் எட்டவில்லை. விதைத்து முளைத்த சம்பா, வயலிலேயே காயத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டு நேரத்தில் சாமியார், "யாராச்சும் வந்து உங்க வேண்டுதலச் சொல்லுங்க" என்றார். ஒருவரும் எழவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அத்தான் உள்ளே வந்தார்.

"தண்ணி வரணும் ஆண்டவரே. பயிரு காயுது. எல்லாருக்குந்தான் காயுது." பிறகு, "மேரியப் பாத்துக்குங்க" என்றார். கை கூப்பியபடி அங்கேயே நின்றார்.

அவரை அப்படியே தனியாக நிற்க விட முடியுமா? எழுந்தேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மீதியைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லி முடித்தார்கள். அடுத்து சகாயம் சித்தி எழுந்து, வெளிநாட்டில் வேலையில்லாமல் இருக்கும் மகனுக்காக வேண்டினாள். இந்த முறை கோயில் முழுக்கப் பதில் சொன்னது.

தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. நம் வயலில் பாதிப் பயிர் போய்விட்டது. ஆனால் அத்தான் இப்போது உள்ளே வந்து உட்காருகிறார். முணுமுணுப்பாகத்தான் சொல்கிறார், ஆனாலும் சொல்கிறார். வாசகம் படிக்கவும் பாட்டு எடுக்கவும் ஆள் வந்தாயிற்று. நான் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது உன் குரலைத் தேடுகிறேன். அது இல்லாமலே பூசை நடந்து முடிகிறது. வீடு திரும்பும் பஸ்ஸில் அதை நினைத்துத்தான் அழுகிறேன்.

என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டேன் அக்கா. சாமியாரைச் சுவரோடு பேச விடமாட்டேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே பதில் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
லீமா