புகைக்கு மதிப்பெண் இல்லை

பிப்ரவரி 6

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். பழைய டீசல் ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டு கிடக்கிறதாம். புதிதாக ஒன்று வாங்குவதா, மொட்டைமாடியில் சூரியத் தகடுகளும் பேட்டரியும் போடுவதா, சின்னக் காற்றாலை வைப்பதா?

“நீங்க ஃபிசிக்ஸ் புரொபசர். எது சுற்றுச்சூழலுக்கு நல்லது, எது நீடிச்சு நிக்கும்னு ஒப்பிட்டு எழுதிக் குடுங்க சார்.”

ஓய்வு பெற்றபின் இந்தக் கட்டடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் அறிவியல் கேள்வி. இதுவரை கேட்டதெல்லாம், “தண்ணி மோட்டார் போட்டாச்சா?” என்பதுதான். தலையாட்டினேன். முடியாது என்று நான் எப்போது சொல்லியிருக்கிறேன்?

பிப்ரவரி 8

எதையும் அடியிலிருந்து தொடங்குவது என் வழக்கம். நீர்மின்சாரம் சுத்தமானது, மூழ்கிய ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது. அணு உலையில் கரியமில வாயு குறைவு. கழிவைக் காவல் காக்க ஆள் வேண்டும், நம் செயலாளரின் பதவிக்காலத்தைவிடச் சற்றே நீண்ட காலத்துக்கு. சூரியத் தகட்டின் சிலிக்கனை உருக்கும் உலைக்கு, பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். காற்று நம் மாடிக்கு வருவது கொடியிலிருக்கும் துணியைக் கொண்டுபோக மட்டுமே. காற்றாலையைப் பட்டியலிலிருந்து அடித்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “மொட்டைமாடியில அணை கட்டப் போறீங்களா?”

பிப்ரவரி 11

மாலையில் மின்தடை. ஜெனரேட்டர் ஓடியது. அது நிற்பது எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு இன்ஹேலரைத் தேடினாள். அவளுக்கு இளைப்பு, புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. புகைக்கும் சத்தத்துக்கும் மதிப்பெண் போடுகிறேனே, இதில் என் சொந்த நலன் இருக்கிறதே? நடுநிலை என்ன ஆவது? அந்த இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டேன். நீதிபதி போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் இருமல்.

பிப்ரவரி 13

முடிவு: டீசல், அரை மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம். அது எப்போதாவதுதான் ஓடுகிறது. பேட்டரியோ செய்யும்போதே பூமியைச் சுரண்டுகிறது. தகடுகள் தினமும் கொஞ்சம் நிலக்கரியை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எவ்வளவு விழும் என்று உறுதியில்லை. உறுதியில்லாததை எழுதலாமா? விட்டுவிட்டேன்.

மிக நேர்மையான அறிக்கை. ஏதோ இடிக்கிறது.

பிப்ரவரி 15

செயலாளர் நின்றபடியே படித்து முடித்தார். “நானே எழுதியிருந்தாக்கூட டீசலுக்கு இவ்வளவு நல்லா எழுதியிருக்க மாட்டேன் சார்.” ஜெனரேட்டர் விற்பது அவருடைய மைத்துனராம். அறிவியல் எங்கெல்லாம் போய்ச் சேருகிறது.

பிப்ரவரி 16

லிஃப்ட் பக்கத்தில் அறிக்கையை ஒட்டியிருக்கிறார்கள். மனைவி படித்துவிட்டு வந்தாள்.

“புகைன்னு ஒரு வார்த்தை இல்லையே?”

பாரபட்சம் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அந்தப் புகை நம்ம வீட்டு விலாசம் கேட்டுக்கிட்டா மேல வருது? மூணாம் மாடியில பச்சைக்குழந்தை இருக்கு. அதுவும் உங்க சொந்த நலனா?”

அந்தக் குழந்தையை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. இத்தனை படித்து—

பிப்ரவரி 19

சாயங்காலம் மறுபடியும் கரண்ட் போச்சு. அவளுக்கு மூச்சு விட முடியல. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி. முகத்துல மாஸ்க் மாட்டி ஆவி மருந்து குடுத்தாங்க. நான் பக்கத்துல பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நடுநிலையா.

பிப்ரவரி 23

சங்கக் கூட்டம். டீசலுக்குக் கைதூக்கச் சொன்னபோது எழுந்தேன். “என் அறிக்கைல ஒரு திருத்தம்” என்றேன்.

செயலாளர் சிரித்தார். “அறிவியல்ல ஏது சார் திருத்தம்?”

“அதுல இருக்கறதே திருத்தம்தான். ரெண்டு வரியை நானே எடுத்துட்டேன்.”

“வீட்டுல திட்டு விழுந்துச்சா சார்?”

“விழுந்துச்சு. சரியான திட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன்: “ஜெனரேட்டர் ஓடும்போது யார் யார் ஜன்னலைச் சாத்துறீங்க?” முதல் கை, மூன்றாம் மாடிக் குழந்தையின் அம்மா. அப்புறம் எதிர்வீட்டு வக்கீல். அப்புறம் ஒவ்வொன்றாக. செயலாளரின் மனைவியும். செயலாளர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நீக்கியிருந்த வரிகளை உரக்க வாசித்தேன். தொட்டி நிழலையும் அளந்து வைத்திருந்தேன். அது தகடுகள் வரும் பக்கத்தில் விழவே இல்லை.

மே 4

தகடுகளை மாட்டியவர் செயலாளரின் அதே மைத்துனர். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் நீடித்து நிற்கக்கூடியவர்.

தேய்ந்த பேட்டரிகளைக் கடைசியில் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? இன்னும் விடை இல்லை. இல்லை என்றே எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மதியம் மின்சாரம் போயிருக்கிறது. பக்கத்துக் கட்டடக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மனைவியிடம் சொல்ல உள்ளே போனேன். ஜன்னல் திறந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.