எட்டும் மூன்றும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து வார்டில் நின்று கால் மரத்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வுக்குப் பேராசிரியை புதிதாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு திறமைக்கும் முதலில் நமக்கு நாமே பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். தேர்வு முடிந்ததும் அவர் போடுவார். இரண்டையும் துறைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுவார்களாம்.

ஸ்டெத் வைத்து நெஞ்சு கேட்பதற்கு எட்டு போட்டுக்கொண்டேன். என் ஜோடி மூன்று போட்டான். ஊசி எடுத்தாலே கை ஆடுவதால் அவனுக்கு 'நடுக்கம்' என்றே பெயர். "என்னடா இது, தன்னடக்கமா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

அப்பாவுக்கு இருமல் இன்னும் விடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நான்தான் பார்த்து ஒன்றுமில்லை என்றேனே. தான் வேலை பார்க்கும் பஸ் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டார், "வீட்லயே டாக்டர் இருக்கா"ன்னு.

மார்ச் 5, வியாழன்

படிக்க உட்கார்ந்தேன். தூங்கினேன்.

மார்ச் 6, வெள்ளி

மூச்சு வாங்கும் ஒரு பெரியவரைக் கொடுத்தார்கள். ஸ்டெத்தை நான்கு இடத்தில் வைத்தேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு மேடம்" என்றேன். எப்போதும் சொல்வதுதான், இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

பேராசிரியை குரலை உயர்த்தவில்லை. "கேட்டியா, இல்ல கேக்கற மாதிரி நின்னியா?"

நின்றேன். அதுதான் உண்மை. மூன்று வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

பலகையில் எனக்கு: நான் எட்டு, அவர் மூன்று. நடுக்கத்துக்கு: அவன் மூன்று, அவர் எட்டு. குறைகுடம் கூத்தாடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது போல. அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

மார்ச் 7, சனி

விடியும்போதே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பாவை எப்படிப் பார்த்தேன்? சட்டைக்கு மேலேயே. முன்பக்கம் மட்டும். அவர் கூச்சப்பட்டார், நானும் கூச்சப்பட்டேன். ஒண்ணுமில்லப்பான்னு எழுந்துட்டேனே... அடிப்பாவி.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்கு வந்து அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். முதுகில் வைத்தேன். வலப்பக்கம் கீழே எதுவுமே கேட்கவில்லை. விரலால் தட்டினேன், சுவரைத் தட்டுவது போல இருந்தது. சத்தம் இல்லையா? அல்லது எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா? மூன்று மதிப்பெண்காரி எதை நம்புவது?

நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றேன். டியூட்டி இருக்கிறது என்றார்.

"போன வாரம் ஒண்ணுமில்லன்னே. இப்போ இருக்குங்கறே. நான் எந்தப் பொண்ண நம்பறது?"

அழுதுவிட்டேன். "அப்பா, அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. சும்மா சொன்னேன். எனக்குத் தெரியாதுப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்கு போன் செய்தார். "நாளைக்கு வரமாட்டேன், லீவு போட்டுக்குங்க" என்றார்.

மார்ச் 9, திங்கள்

எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலைச் சுற்றி நீர். ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். மருந்தில் சரியாகிவிடுமாம்; இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

பேராசிரியை வந்து, "யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

"என் பொண்ணு" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்த முடியாமல் நிமிர்த்தி.

"ஒரு வாரம் லேட்டா, மேடம்" என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

மறுதேர்வு. எனக்கு நான் போட்டது நான்கு. பேராசிரியை போட்டது ஐந்து. நடுக்கம் தேநீர் வாங்கிக் கொடுத்தான். கை ஆடிப் பாதியைச் சிந்திவிட்டான்.

மார்ச் 22, ஞாயிறு

வீடு. களைப்பு. பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் அப்பா தானே சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நிதானமா கேளும்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

கேட்டேன். "வலப்பக்கமும் மூச்சு வர்ற மாதிரிதான் இருக்குப்பா. எதுக்கும் நாளைக்கு மேடம்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம்."

"காட்டிடலாம்" என்றார் அப்பா.