மெரினாவில் என் வீரம்

சனிக்கிழமை, சென்னை.

எங்கள் இராமேஸ்வரத்துக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அந்தத் தெம்பில், "கடலுக்குள்ளயே வளந்தவன்டீ நான்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டு, எட்டு வயது மகளின் கையைப் பிடித்து மெரினாவில் இறங்கினேன். ஒரே அலை, என்னைத் தொப்பையோடு சேர்த்துப் புரட்டிவிட்டது. மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கப் போய் மகளின் கையை விட்டுவிட்டேன். சுண்டல் விற்றவர்தான் ஓடிவந்து அவளை இழுத்துப் போட்டார்.

மனைவி அப்போது பஜ்ஜி வாங்கப் போயிருந்தாள். வந்தவளிடம் நானே தூக்கியதாக அளந்துவிட்டேன்.

"நல்லவேளைடி, ஒங்கய்யா பக்கத்துல இருந்தாக" என்று மகளை அணைத்துக்கொண்டாள். மகள் சுண்டல்காரர் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

திரும்பும்போது சாலையைக் கடக்கக் கையை நீட்டினேன்.

"நான் அம்மாவப் பிடிச்சுக்கிறேன் அய்யா" என்றாள்.