குண்டூசியில் வந்த சான்றிதழ்

கார்த்திகை 12, வியாழன்.

இன்று என் நோட்டரி அலுவலகத்துக்கு வையம்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். ரங்கூனிலிருந்து அவள் அண்ணன், தாயில்லாத தன் மகளை இவளே வளர்க்கவேண்டுமென எழுதியனுப்பிய பத்திரம் அவள் கையில் இருந்தது. கையெழுத்து அண்ணனுடையதே என்ற ரங்கூன் நோட்டரியின் சான்றிதழ் தனித்தாளில், வெறும் குண்டூசியில் தொங்கியது. எந்தப் பத்திரத்துக்கு உரியதென்று அதில் ஒரு சொல்லும் இல்லை. நூல் கோத்து, இரு தாளிலும் படும்படி முத்திரையிட்டிருக்க வேண்டும். கோர்ட்டில் ஏற்கவில்லையாம். தாய்மாமன் குழந்தையைக் கேட்கிறானாம்.

“அண்ணன்கிட்ட மறுபடி எழுதி வாங்கிடலாம்மா.”

“அவரு போயிட்டாருங்க. போன வாரம் தந்தி வந்துச்சு. நீங்களே தைச்சுக் கொடுங்களேன்.”

இன்னொருவர் சான்றிதழை நான் தைக்கக்கூடாது என்றேன். அவள் பத்திரத்தை மடித்துக்கொண்டாள்.

“குழந்தைகிட்ட இன்னும் சொல்லலீங்க. அப்பா கப்பல்ல வராருன்னு இருக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.