அப்பாவின் புது அங்கி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வரும் ஞாயிறு நம் சபையில் அப்பாவுக்குப் பாராட்டு விழா. வெள்ளத்தில் வீடிழந்தவர்களை ஆலயத்திலேயே தங்கவைத்து அவர் சமைத்துப் போட்டதைப் பற்றி எல்லோரும் பேசப்போகிறார்கள். குடும்பத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டுமாம். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய என்னை மேடையேறச் சொல்கிறார்கள்.

சபையார் தரும் புது அங்கியை நான் வேலை செய்யும் தையல் கடையில்தான் தைக்கக் கொடுத்தார்கள். அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று அவருடைய பழைய அங்கியை வைத்தே அளவெடுத்துத் தைத்தேன். மனசு கேட்காமல் நேற்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். தோளை விட்டு நழுவியது.

"இதுக்குள்ள இன்னொரு போதகரையும் ஏத்திக்கலாம் போலிருக்கே!" என்று சிரித்தார். சிரிப்பு இருமலானது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஊருக்கெல்லாம் அப்பா, நமக்கு மட்டும் போதகர்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கியைக் கழற்றும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணன் வருவானாம்மா?"

காலையிலிருந்து இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டேன். ஞாயிறு வரை காத்திருக்காதே, இதைப் படித்ததும் கிளம்பு.

அங்கியை அவருடைய இப்போதைய உடம்புக்குப் பிடித்துத்தான் தைத்திருக்கிறேன். மிச்சத் துணியை மட்டும் வெட்டாமல் உள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன், அண்ணா.

உன் தங்கை