சிவப்பு ஏறாத தட்டுகள்

மார்ச் 3
ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக். இன்றும் கருத்தரங்கில் அதைக் கையிலிருந்து விடவில்லை. "இதய வால்வு செல்லுக்கு ‘எலும்பா மாறு’ன்னு ஒரு சமிக்ஞை போகுது. அந்தப் பாதைய நம்ம மருந்து அடைக்குது. பாருங்க, சுண்ணாம்பே படியல!"
சுண்ணாம்பு இருந்தால் செல் வளர்க்கும் தட்டில் சாயம் சிவப்பாக ஏறும். ஏறவில்லை. அவ்வளவுதான் ஆதாரம். முன்வரிசை கைதட்டியது. மண்டையை ஆட்டவே படித்துப் பட்டம் வாங்கிய கூட்டம்.

மார்ச் 5
செல்களை எண்ணினேன். மருந்து ஊற்றிய தட்டில் பத்துக்கு ஏழு செத்துக் கிடக்கின்றன. செத்த செல் எப்படிச் சுண்ணாம்பு சேர்க்கும்? மருந்தாம், மருந்து!
மைக்கிடம் படத்தைக் காட்டினேன்.
"கட்டுரைல இத விட்டுடும்மா. படிக்கிறவங்க குழம்பிடுவாங்க."
படிக்கிறவர்கள் மேல் என்ன கரிசனம்!

மார்ச் 6
விட்டுவிட்டேன்.

மார்ச் 28
கட்டுரை வெளியாகிவிட்டது. செய்தித்தாள் முழுக்க மைக்கின் பல்வரிசை. ‘இனி அறுவை சிகிச்சை தேவையில்லை.’ வெட்கங்கெட்ட மனுஷன். கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது.

ஏப்ரல் 2
அண்ணன் போன் செய்தான். அவனுக்கும் வால்வில் சுண்ணாம்புதான். பத்துப் படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை.
"வேணாம்னு சொல்லிட்டேன். என் தங்கச்சி மருந்தே கண்டுபிடிச்சிருக்கா, நெஞ்ச எதுக்குக் கிழிக்கணும்?"
பெருமையில் குரல் தழுதழுத்தது. அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன். வச்சுட்டேன்! என்ன பிறவி நான்?

ஏப்ரல் 3
நேரில் போய்ச் சொன்னேன்.
"தெரிஞ்சுதான் பேர் போட விட்டியா?"
"ஆமாண்ணா."
அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். அண்ணன் திட்டியிருக்கலாம். சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்ணிக்கறேன்" என்றான்.
இத்தனை நாள் மைக்கைக் காறித் துப்பி எழுதினேனே, அந்தாளுக்காவது புகழ் வேண்டியிருந்தது. எனக்கு? சும்மா இருந்தால் போதுமாயிருந்தது.

ஏப்ரல் 4
செத்த செல்களின் படத்தைக் கட்டுரை வெளியான இதழுக்கு அனுப்பினேன், நான் மறைத்ததையும் எழுதி. மைக் கத்தினார்: "உப்பிட்ட இடத்துக்கே ரெண்டகமா? நாளைலேர்ந்து வராத!"

ஏப்ரல் 16
வால்வை மாற்றிவிட்டார்கள். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா நாங்க கைய விரிச்சிருப்போம்" என்றார் மருத்துவர்.
கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கண் விழித்து என்னைப் பார்த்தான். பிறகு அண்ணி பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லக் கேட்டான்:
"இவ சாப்பிட்டாளா?"