பூசைக்குக் கொடுத்த டிப்ளோம்

திரான்சி
20.10.2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நானும் உங்கள் தம்பி ஐங்கரனும் நல்ல சுகம். உங்கள் அழகுக் கடையும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நேற்றுத்தான் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன். ஆகவே எழுதி இவர் கையில் கொடுத்து விடுகிறேன்.

சரஸ்வதி பூசைக்கு என் அழகுக்கலை டிப்ளோமைக் கேட்டீர்கள். "வாணிக்கு முன்னால வைப்பம், கடைக்கும் நல்லது. விஜயதசமி முடிய வந்து எடு" என்றீர்கள். படித்த தாளைப் பூசையில் வைப்பது நம் வழக்கம்தானே என்று கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து தந்தேன். சந்தனமும் குங்குமமும் நீங்களே வைத்தீர்கள்.

எடுக்க வந்தால் அது வாசலுக்கு நேரே சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. அதற்குக் கீழே 'நாரி வலி, கழுத்து வலிக்கு மசாஜ்' என்று ஒரு பலகை வேறு! மச்சாள், வலிக்கு மசாஜ் செய்ய இந்தப் பிரான்ஸ் நாட்டில் அதற்கென்று வருடக்கணக்காகப் படித்த கினே என்ற இயன்முறை வைத்தியருக்குத்தான் உரிமை. டிப்ளோம் எடுத்த எனக்கே அது இல்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். திரைக்குப் பின்னால், உங்களிடம் வேலைக்கு வந்திருக்கும் புதுப் பிள்ளை, முடி எடுத்த மெழுகை உருக்கி, ஒரு பழைய நைலோன் காலுறையில் வடித்துத் திரும்பச் சட்டிக்குள் ஊற்றிக்கொண்டு நின்றாள். காலுறைக்குள் கட்டி கட்டியாக முடி. யார் யாருடையதோ. "அன்ரிதான் இப்பிடிச் செய்யச் சொன்னவ அக்கா, வீணாக்கக் கூடாதாம்" என்றாள். சீ, என்ன ஊத்தை! ரூ பிலிப்-து-ஜிரார் தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

காலையில் ஹோட்டல் அறை துடைத்து, பின்னேரம் வகுப்புக்கு ஓடி, தோலின் அடுக்குகளைப் பிரெஞ்சில் பாடமாக்கி எடுத்த டிப்ளோம் அது. இந்த நாட்டில் எனக்கென்று நான் தேடியது அது ஒன்றுதான். தயவுசெய்து கழற்றி இவரிடம் கொடுத்து விடுங்கள்.

அன்புடன்,
யாமினி

லா ஷப்பல்
25.10.2024

என் அன்பு யாமினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மச்சாளுக்கு எழுதியது போலவா இருக்கிறது? சுகாதாரப் பரிசோதகர் எழுதியது போல இருக்கிறது. தம்பி வாசிக்காதது நல்லதாய்ப் போயிற்று.

மெழுகு கொதித்தால் கிருமியெல்லாம் செத்துப் போகும். இத்தனை வருடமாக எத்தனை பொம்பிளைகளுக்குப் புருவம் திருத்தியிருப்பேன், யாராவது செத்தார்களா? எனக்குக் கைவேலை தெரியும், பிரெஞ்சு தெரியாது. இந்த வயதில் நான் பரீட்சை எழுதவா? போன கிழமை பரிசோதனைக்கென்று இரண்டு பேர் வந்து, டிப்ளோம் உள்ளவர் யார் என்று கேட்டார்கள். சுவரைக் காட்டி, "என்ர தம்பி பெஞ்சாதி, இப்ப சாப்பிடப் போட்டா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாணியே என்னைக் காப்பாற்றினாள்.

டிப்ளோம் உள்ள ஆள் கடையில் நிற்க வேண்டுமாம். நீ சனிக்கிழமைகளில் ஒருக்கால் வந்து முகம் காட்டினால் போதும். வீட்டுக்குள் உன் பெயர், என் பெயர் என்று பார்ப்பதா? தீபாவளி கழியட்டும், கழற்றித் தருகிறேன். பயற்றம் பணியாரம் கொடுத்து விடுகிறேன். இவ்வளவு மெலிந்து போயிருக்கிறாய், சாப்பிடு.

ஆசையுடன்,
சந்திரகலா மச்சாள்

திரான்சி
3.11.2024

மச்சாளுக்கு,

பணியாரத்தை வாயில் வைக்க முடியவில்லை. அந்தக் காலுறைதான் கண்ணுக்குள் நின்றது. அப்படியே குப்பையில் போட்டேன்.

நேற்று சென் தெனியில் நான் வேலை செய்யும் அழகு நிலையத்துக்கு ரோசாலி என்று ஒரு அம்மா வந்தார். பாண்டிச்சேரிக்காரர். கூடவே மகள் மெலானி, வாயை மப்ளரால் மூடியபடி. மப்ளரை எடுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேலுதட்டில் தோல் இல்லை. சீழ் பிடித்து, பச்சையாக, ஈரமாக இருந்தது.

"தீபாவளிக்கு சிநேகிதி வீட்டுக்குப் போகணும்னு, உதட்டு முடி எடுக்க லா ஷப்பல்ல உங்க கடைக்கு வந்தா. செவுத்துல உங்க பேரு தொங்குது, அதப் பார்த்துத்தான் என் பொண்ணு நம்பி உக்காந்தா. இப்ப கண்ணாடியே பாக்க மாட்டேங்குறா. ஏம்மா, படிச்சவங்க செய்யற வேலையா இது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் இங்கே வேலை செய்கிறேன் என்று உங்கள் கடைப் பிள்ளைதான் சொன்னாளாம்.

மெலானி பருவுக்கு மாத்திரை எடுக்கிறாள். அந்த மாத்திரை எடுத்தால் தோல் மெலிந்துவிடும், மெழுகு போட்டால் தோலோடு உரிந்து வரும். மெழுகைத் தொடுமுன் 'என்ன மருந்து எடுக்கிறீர்கள்' என்று கேட்க வேண்டும். வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்ததே அதுதான். உங்கள் கடையில் யார் கேட்டது? என் பெயருக்குக் கீழே வைத்து, ஊர் முடியெல்லாம் வடித்த அந்த மெழுகை ஒரு பிள்ளையின் வாயில் பூசியிருக்கிறீர்கள்.

டிப்ளோமை உடனே கழற்றுங்கள்.

யாமினி

லா ஷப்பல்
6.11.2024

என் கண்ணான யாமினிக்கு,

அழுதழுது எழுதுகிறேன். அந்த மதாம் முறைப்பாடு கொடுக்கப் போகிறாவாம். என்னைக் காப்பாற்ற உன்னால்தான் முடியும். அன்று மெழுகு போட்டது நீ என்று சொல்லிவிடு. டிப்ளோம் உள்ளவளின் கை தவறினால் அது விபத்து, காப்புறுதி பார்த்துக்கொள்ளும். இல்லாதவளின் கை என்றால் கடைக்குப் பூட்டுத்தான்.

அன்று உனக்கு வேலை இல்லாத நாள். தம்பியிடம் கேட்டுவிட்டேன், அவனுக்கும் சம்மதம். நீ கடையில் நின்றாய் என்று அவனும் சொல்வான். பெட்டைக்கு இளந்தோல், ஆறிவிடும். கடை போனால் நான் எங்கே போவேன்? பிள்ளை இல்லாத எனக்கு நீங்கள் இருவரும்தானே பிள்ளைகள்.

உன்னை நம்பியிருக்கும்,
மச்சாள்

திரான்சி
12.11.2024
பதிவுத் தபால்

மதாம் சந்திரகலா,

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பி கையில் கொடுக்கவில்லை. "ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடன்" என்றார். அன்றிலிருந்து அவர் சோபாவில் படுக்கிறார். அவர் உங்களிடம் வந்து போவதை நான் தடுக்க மாட்டேன். நான் வரமாட்டேன்.

ரோசாலி அம்மாவிடம் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடையில் நான் ஒரு நாளும் வேலை செய்யவில்லை, டிப்ளோம் பூசைக்கென்று வாங்கப்பட்டது, மெழுகு இப்படி வடிக்கப்பட்டது. எல்லாம் எழுதினேன். விசாரிக்க வருபவர்களிடமும் அதையேதான் சொல்வேன். எழுதும்போது உங்களை நினைத்து அழுகை வரும் என்று பயந்தேன். வரவில்லை. கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று நான் வந்து கதிரையில் ஏறிச் சுவரிலிருந்து கழற்றியபோது, மற்றக் கதிரையில் இருந்த பொம்பிளையிடம் நீங்கள் சிரித்துக்கொண்டே, "துடைக்கக் கொண்டு போறா" என்றீர்கள். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உண்மையாகவே துடைத்தேன். சந்தனமும் குங்குமமும் ஈரத்துணியோடு போய்விட்டன. சட்டத்தின் கீழ் விளிம்பில் மெழுகு ஒட்டியிருந்தது, அதற்குள் ஒரு முடி. சட்டத்தைக் கண்ணாடியோடு எறிந்துவிட்டுத் தாளை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

தபால்காரர் இதற்குக் கையெழுத்துக் கேட்பார். உங்கள் சொந்தப் பெயரிலேயே போடுங்கள்.

யாமினி